பதினொரு வயதினரின் கிராமம்!

கோடை விடுமுறை வந்தாலே முகாம்கள்தான்! ஓவிய முகாம், நீச்சல் முகாம், செஸ் முகாம், ஸ்கேட்டிங் முகாம் என்று ஊருக்கு ஊர் நடக்கின்றன. எல்லாவற்றிலும் கடைசி நாளில் ஒரு போட்டி இருக்கும், பரிசு இருக்கும், சான்றிதழும் இருக்கும்.

ஆனால் போட்டியே இல்லாத கோடை முகாம் ஒன்று இருக்கிறது, தெரியுமா குட்டீஸ்? பத்துப் பன்னிரண்டு நாட்டுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடுவார்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள், விளையாடுவார்கள், பாத்திரம் கழுவுவார்கள், கோபித்துக் கொள்வார்கள், சமாதானம் ஆவார்கள். அவ்வளவுதான் முகாம்! இதற்கு 'சிறுவர்களுக்கான பன்னாட்டுக் கோடைக் கிராமம்' என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'சி.ஐ.எஸ்.வி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இப்படி ஒரு முகாம் எதற்காக? அதைத் தெரிந்துகொள்ள, நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

போருக்குப் பின் ஒரு கேள்வி

இரண்டாம் உலகப் போர் 1939-இல் தொடங்கி 1945-இல் முடிந்தது. கோடிக்கணக்கான மக்கள் மாண்டு போனார்கள். பல நகரங்கள் இடிபாடுகளாகக் கிடந்தன. 'இனி இப்படி ஒரு போர் வரவே கூடாது. அதற்கு என்ன செய்யலாம்?' என்று உலகமே யோசித்துக் கொண்டிருந்தது.

நாட்டுத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். அறிஞர்கள் கூடிப் பேசினார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாழ்ந்த டோரிஸ் ஆலன் என்ற பெண்மணியும் யோசித்தார். அவர் ஓர் உளவியல் அறிஞர். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதுதான் அவருடைய பணி.

1946-இல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 'பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசினால் மட்டும் போதாது. அவர்கள் மனதில் பழைய பகையும் பயமும் ஊறிப் போயிருக்கின்றன. குழந்தைகளிடமிருந்து தொடங்கினால் என்ன?' என்பதுதான் அது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பணம் திரட்ட வேண்டும். இடம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கடல் கடந்து ஒரு நாட்டுக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர்கள் சம்மதிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து ஆண்டுகள் ஆயின. 1951-ஆம் ஆண்டு கோடையில், சின்சினாட்டிக்கு அருகில் முதல் 'கிராமம்' உருவானது!

யார் யார் வந்தார்கள்?

அந்த முதல் முகாமுக்கு ஜெர்மனியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பிரான்ஸ், இங்கிலாந்து, நார்வே ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1951-இல் பதினொரு வயது என்றால், அந்தப் பிள்ளைகள் பிறந்தது 1940-ஐ ஒட்டி. அதே 1940 ஏப்ரலில்தான் ஜெர்மன் படைகள் நார்வேக்குள் நுழைந்தன. மே மாதம் பிரான்சைத் தாக்கின. செப்டம்பரில் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தது.

அதாவது, இந்தப் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தபோது அவர்களுடைய நாடுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக் கொண்டிருந்தன! போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், அதே நாட்டுப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் என்ன? பந்தை உருட்டிவிட்டால் திருப்பி உதைக்க மொழி எதற்கு?

அது ஏன் பதினொன்று?

டோரிஸ் ஆலன் இந்த வயதைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் நாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியாது. பதினொரு வயதில் தன் ஊர், உணவு, பாட்டு, பண்டிகை எல்லாம் தெரியும். அவற்றை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் முடியும்.

அதே நேரத்தில், 'அந்த நாட்டுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்ற எண்ணம் மனதில் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. ஈரமான களிமண்போல, புதிதாகப் பார்ப்பதை ஏற்றுக்கொள்ளும் வயது அது.

கிராமத்தில் ஒரு நாள்

ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நான்கு பிள்ளைகள் வருவார்கள். இரண்டு சிறுவர்கள், இரண்டு சிறுமிகள். அவர்களுக்குத் துணையாகப் பெரியவர் ஒருவர் வருவார். 16, 17 வயது அண்ணன்களும் அக்காக்களும் உதவிக்கு இருப்பார்கள். முகாம் ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கும்.

காலையில் எல்லாரும் கொடிக் கம்பத்தைச் சுற்றி நின்று, கைகளைக் கோத்துக்கொண்டு பாடுவார்கள். பிறகு கலவையான குழுக்களாகப் பிரிவார்கள். ஒரு நாட்டுப் பிள்ளைகள் எப்போதும் ஒரே குழுவில் இருக்க மாட்டார்கள். பெருக்கும் வேலை, மேசை துடைக்கும் வேலை எல்லாமே இந்தக் குழுக்களுக்குத்தான். 'எங்கள் வீட்டில் அம்மா செய்வார்' என்றெல்லாம் அங்கே தப்பிக்க முடியாது!

விளையாட்டுகளும் வித்தியாசமானவை. 'நீ ஜெயித்தாய், நான் தோற்றேன்' என்பதைவிட, எல்லாரும் சேர்ந்தால்தான் முடிக்க முடியும் என்ற வகை விளையாட்டுகளே அதிகம்.

மாலையில் 'தேசிய இரவு' நடக்கும். ஒரு நாட்டுப் பிள்ளைகள் தங்கள் உடையை உடுத்தி, தங்கள் உணவைப் பரிமாறி, தங்கள் ஆட்டத்தை மற்றவர்களுக்கும் சொல்லித் தருவார்கள். வெறுமனே வேடிக்கை பார்ப்பதற்கு அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. எல்லாரும் ஆட வேண்டும்! பிரியும் நேரம் வந்ததும், ஒருவர் சட்டையில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

விநோதம் யார்?

பண்பாட்டு முகாம்களில் ஆடப்படும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1970-களில் காரி ஷர்ட்ஸ் என்பவர் 'பாஃபா பாஃபா' என்ற விளையாட்டை உருவாக்கினார். சிறுவர்களுக்காக அதிலேயே 'ரஃபா ரஃபா' என்ற எளிய வடிவமும் உண்டு.

பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி அறைகளில் வைப்பார்கள். ஓர் அறையில் இருப்பவர்களுக்கு, நெருங்கி நின்று, தொட்டு, அன்பாகப் பேசிப் பழகுவதுதான் வழக்கம். இன்னோர் அறையில் இருப்பவர்களுக்கு வியாபாரம்தான் முக்கியம். அவர்கள் ஒரு புரியாத மொழியில் பேசிக்கொண்டு, சீட்டுகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஓர் அறையின் விதி இன்னோர் அறைக்குத் தெரியாது.

பிறகு, இரண்டு மூன்று பேரை மட்டும் அந்தப் பக்கத்து அறைக்கு விருந்தாளியாக அனுப்புவார்கள். அங்கே என்ன நடக்கிறது என்றே அவர்களுக்கு விளங்காது. திரும்பி வந்ததும், "அவர்கள் ரொம்ப முரடு", "அவர்கள் வேலையே செய்யாமல் கொஞ்சிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று புகார் சொல்வார்கள்.

கடைசியில் இரண்டு பக்கத்து விதிகளையும் உடைத்துச் சொல்வார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் புரியும். 'அட, அவர்கள் முரடர்கள் இல்லை. அவர்களுடைய வழக்கம் அப்படி! நாம்தான் அவர்களுக்கு விநோதமாகத் தெரிந்திருக்கிறோம்!'

ஒரு மணி நேர விளையாட்டிலேயே இப்படி என்றால், உண்மையான நாடுகளுக்கு இடையே எத்தனை தவறான எண்ணங்கள் வளரும்! யோசித்துப் பாருங்கள்.

பகல் முகாமிலும் உலகம்

இன்று சுமார் 60 நாடுகளில் சி.ஐ.எஸ்.வி. அமைப்பு இயங்குகிறது. இந்தியாவிலும் கிளைகள் உண்டு. டோரிஸ் ஆலன் நூறு வயது வாழ்ந்து, 2002-இல் மறைந்தார். தான் நட்ட விதை மரமானதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனால், விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போய் நான்கு வாரம் தங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் முடிகிற காரியம் இல்லை. அதனால்தான் பல நாடுகளில் நூலகங்களும் பள்ளிகளும் அருங்காட்சியகங்களும் பகல் முகாம்கள் நடத்துகின்றன. காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம். 'பாஸ்போர்ட்' என்று ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் தருவார்கள். தினம் ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு, அதில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கொடியை வரைந்து, தொப்பியை மாட்டி, ஒரு வாய் தின்பண்டம் சாப்பிட்டதும் 'ஜப்பானை முடித்துவிட்டேன்' என்று சொல்லிவிடலாமா? அது உலகத்தைக் கண்காட்சிபோலப் பார்ப்பது. அந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள், எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கும்போதுதான், அவர்களும் நம்மைப் போன்றவர்களே என்பது தெரியும். இதோ, சில உதாரணங்கள்:

ஜப்பான்: விளையாட்டில் யார் முதலில் என்று முடிவுசெய்ய 'ஜான்கென்' போடுவார்கள். கல், காகிதம், கத்தரிக்கோல்! நம் 'சா பூ த்ரீ' மாதிரிதான்.

கானா: 'ஓவாரே' என்ற ஆட்டம் இங்கே பிரபலம். குழிகளில் விதைகளைப் போட்டு ஆடுவார்கள். உகாண்டாவில் 'ஒம்வேசோ', மலேசியாவில் 'சோங்காக்'. நம் பாட்டி வீட்டில்? பல்லாங்குழி!

ஜெர்மனி: தரையில் கட்டம் போட்டு, கல்லை எறிந்து நொண்டி அடிக்கும் ஆட்டத்துக்கு அங்கே 'சொர்க்கமும் நரகமும்' என்று பெயர். நாம் பாண்டி என்கிறோம்.

எத்தியோப்பியா: டெஃப் என்ற தானிய மாவைப் புளிக்க வைத்து, தோசைபோல 'இஞ்சரா' சுடுவார்கள். பெரிய தட்டில் வைத்து, எல்லாரும் கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். அன்பைக் காட்ட, அடுத்தவருக்கு ஒரு கவளம் ஊட்டியும் விடுவார்கள்!

நியூசிலாந்து: அங்குள்ள மவோரி மக்கள் மூக்கோடு மூக்கை மெல்ல ஒட்டி வணக்கம் சொல்வார்கள். சிரிப்பு வருகிறதா? நாம் கைகூப்பும்போது, அதை முதன்முதலாகப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கும் சிரிப்பு வரலாமே!

உங்கள் தெருவிலேயே ஒரு முகாம்

குட்டீஸ், இந்த விடுமுறையில் நீங்களும் ஒரு பகல் முகாம் நடத்தலாம். ஒரு திண்ணையோ மொட்டை மாடியோ போதும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எங்கே போவது என்கிறீர்களா? உங்கள் வகுப்பிலும் தெருவிலும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வேலைக்காக வந்த குடும்பங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு நம் மொழி சரியாக வராததால், ஓர் ஓரமாக நின்று கொண்டிருப்பார்கள். முதல் அழைப்பு அவர்களுக்குத்தான்!

ஒடிசாக்காரர்கள் வெயில் காலத்தில் சோற்றில் நீர் ஊற்றி வைத்து 'பகாளா' சாப்பிடுவார்கள். அது அப்படியே நம் பழைய சோறுதான். நேபாளத்தில் 'பாக் சால்' என்ற ஆட்டம் உண்டு. நான்கு புலிகள், இருபது ஆடுகள். நம் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஒரு நாள் அவர்கள் முறைப்படி ஆடுங்கள். மறுநாள் நம் முறைப்படி ஆடச் சொல்லிக் கொடுங்கள்.

முகாமுக்கு மூன்றே மூன்று விதிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

1. யாருடைய உணவையும், உடையையும், பேச்சையும் கேலி செய்யக் கூடாது.

2. புரியாவிட்டால், 'இது ஏன் இப்படி?' என்று அவர்களிடமே கேட்க வேண்டும். நாமாக ஒரு காரணம் கற்பிக்கக் கூடாது.

3. கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. நம்முடையதில் ஒன்றைக் கற்றுக் கொடுக்கவும் வேண்டும்.

சண்டை வந்தால் பயப்பட வேண்டாம். சண்டை போடாத முகாம் எங்குமே இல்லை. மறுநாள் காலையில் சேர்ந்து விளையாட வந்துவிட்டால் போதும், முகாம் வெற்றி!

போர் நடந்த நாடுகளின் பிள்ளைகளே 1951-இல் ஒரே மேசையில் உட்கார முடிந்தது. ஒரே தெருவில் இருக்கும் நம்மால் முடியாதா என்ன? பாயை விரியுங்கள், புலிகளையும் ஆடுகளையும் எடுத்து வையுங்கள், அந்தப் புதுப் பிள்ளையின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுங்கள்!