உழவர் பட்டறை: கதவிலிருந்து தொடங்க வேண்டிய கட்டடம்

ஆனி மாதத்து மழை ஒன்று நன்றாகப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை. கோலார் மாவட்டத்துச் செம்மண்ணில் ராகி விதைக்க அதைவிட நல்ல பதம் கிடைக்காது. டிராக்டர் வயலில் இறங்கி இரண்டு சால் ஓடியதும், விதைப்புக் கருவியின் இரும்புச் சட்டம் பற்றவைத்த இடத்தில் விட்டுப் பிளந்து கொள்கிறது. பத்து நிமிட வெல்டிங் வேலைதான். ஆனால் வெல்டிங் பட்டறை இருப்பதோ பங்காரப்பேட்டையிலோ முல்பாகலிலோ. அங்கே போனால், அதே மழையை நம்பி உடைந்த கருவிகளோடு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வேலை முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்து விடுகிறது. அடுத்த நாள் வெயிலில் மேல்மண் காய்ந்தால், இனி அடுத்த மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

வற்றாத நதி எதுவும் இல்லாத மாவட்டம் இது. இங்கே ஒரு நாள் ஈரம் என்பது ஒரு பருவத்து விளைச்சல். இப்படி ஒன்றிரண்டு முறை அடிபட்ட பிறகுதான், டிராக்டர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வயலோரத்தில் சொந்தமாக ஒரு பட்டறை போடும் எண்ணம் வருகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் பெரும்பாலோர் செய்வது என்ன? முதலில் வெல்டிங் மெஷினும் கம்ப்ரஸரும் வாங்கி விடுகிறார்கள். பிறகு அவற்றை மழையில் நனையாமல் வைக்க நான்கு சுவர் எழுப்பி, மேலே ஷீட்டுப் போடுகிறார்கள். அது கிடங்கு ஆகுமே தவிரப் பட்டறை ஆகாது. வாங்கத் தவறிய ஸ்பேனரை அடுத்த சந்தை நாளில் வாங்கிக் கொள்ளலாம். குறுகலாகப் போன கதவையும் மெலிதாகப் போட்ட தளத்தையும் அப்படி மாற்ற முடியாது.

இந்த விஷயத்தில் கோலார் பகுதித் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்திலேயே தங்கவயல் இருக்கிறது. 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் அது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டன. ஆனால் அந்த வேலை பழகிய கைகள் ஊரில் இன்னும் இருக்கின்றன. 1964ல் தொடங்கிய பெமல் தொழிற்சாலையும் அங்கே ஃபிட்டர்களையும் வெல்டர்களையும் உருவாக்கியிருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு பழைய ஃபிட்டரிடம் போய், "ஐயா, பட்டறை போடலாம்னு இருக்கேன், என்ன மெஷின் வாங்கலாம்?" என்று ஓர் இளைஞர் கேட்டால், பதிலாக வருவது வேறொரு கேள்வி: "மெஷின் இருக்கட்டும் தம்பி. உன்கிட்ட இருக்கிற பெரிய வண்டி எது? அதைக் கலப்பையோட சேர்த்து டேப் வச்சு அளந்தியா?"

முப்பதுக்கு நாற்பது

அளந்து பார்ப்போம். 35 முதல் 50 ஹெச்.பி. வரையுள்ள சாதாரண டிராக்டர் ஏறக்குறைய 12 அடி நீளம். பின்னால் ரோட்டவேட்டர் அல்லது ஒன்பது கொழுக் கலப்பை மாட்டினால் இன்னும் நாலைந்து அடி கூடும். டிராக்டரின் அகலம் ஆறடிக்குச் சற்று மேலே. கலப்பையின் அகலம் ஏழடி. சுற்றிலும் ஓர் ஆள் குனிந்து, படுத்து, நீண்ட கைப்பிடி ஸ்பேனரை இழுத்து வேலை செய்ய நாலடியாவது வேண்டும். எனவே கதவு 12 அடி அகலம், 12 அடி உயரத்துக்குக் குறையக் கூடாது. மேற்கூடாரம் போட்ட டிராக்டர் எட்டடிக்குள் அடங்கி விடுமே என்று உயரத்தைக் குறைப்பவர்கள், வைக்கோல் ஏற்றிய டிரெய்லரை மழைக்கு அவசரமாக உள்ளே தள்ள நேரும்போது வருந்துவார்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு 30க்கு 40 என்றால் வீட்டு மனை அளவு. இரண்டு டிராக்டர் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பட்டறையும் அதே அளவில் அமைந்தால் போதும். 40 அடிப் பக்கத்தில் இரண்டு கதவுகள், மீதியுள்ள 16 அடியில் வேலை மேஜையும் சாமான் அறையும். இரண்டு கதவு எதற்கு என்று மேஸ்திரி கேட்பார். ஒரு டிராக்டரின் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டு, ஓர் உதிரி பாகத்துக்காக நான்கு நாள் காத்திருக்கும்போது, கொழு உடைந்த இன்னொரு வண்டி உள்ளே வர வழி வேண்டும். ஒற்றைக் கதவுப் பட்டறை, ஒரு வண்டி படுத்தால் தானும் படுத்து விடுகிறது.

அறுவடை இயந்திரத்துக்கும் சேர்த்துக் கட்டலாமா என்ற ஆசை சிலருக்கு உண்டு. வேண்டாம். அது வாடகைக்கு வந்து போகிற வண்டி. அதைப் பழுது பார்ப்பது அதன் சொந்தக்காரர் பாடு. அந்தப் பணத்தைக் கதவுக்கு வெளியே 20 அடிக்குக் கான்கிரீட் முற்றம் போடச் செலவிடலாம். சேறு கழுவுவது, கிரீஸ் அடிப்பது, டயர் மாற்றுவது என்று பாதி வேலை அந்த முற்றத்தில்தான் நடக்கும்.

கதவு வடக்கே பார்த்திருந்தால் நாள் முழுவதும் கண் கூசாத வெளிச்சம் கிடைக்கும். மேற்கே வைத்தால் தென்மேற்குப் பருவத்துச் சாரலும் மாலை வெயிலும் நேராக உள்ளே வரும். வெல்டிங்குக்குத் தென்கிழக்கு மூலை. வாஸ்து பார்ப்பவர்கள் அதை அக்னி மூலை என்பார்கள். மேற்குக் காற்று வீசும் மாதங்களில் புகை அந்தப் பக்கமாகவே வெளியேறி விடும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் ஜோதிடருக்கும் ஃபிட்டருக்கும் சண்டை இல்லை.

இடம் தேர்ந்தெடுக்கும்போது வீட்டிலிருந்தும், முக்கியமாக வைக்கோல் போரிலிருந்தும், நூறு அடியாவது தள்ளியிருப்பது நல்லது. கிரைண்டரிலிருந்து பறக்கும் ஒரு பொறி போதும். போர்வெல்லுக்குப் பக்கத்திலும் கூடாது. ஆயிரம் அடிக்கும் கீழே தண்ணீர் தேடும் பூமியில், என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் குழாய் ஓரத்தில் கொட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. அதை மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குவதற்கு அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்து விட வேண்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1964ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 95ஆவது பிரிவில், விவசாயி தன் நிலத்தில் பண்ணைக் கட்டடம் எழுப்ப இடம் தருகிறது. சொந்த வண்டிகளுக்கு மட்டும் பட்டறை என்றால் பெரிய சிக்கல் இல்லை. ஊரார் வண்டிகளையும் கூலிக்குப் பழுது பார்ப்பதாக இருந்தால் அது வியாபாரம். நில உபயோக மாற்றம் வரை போகும். ஹோப்ளியிலுள்ள ரைத சம்பர்க்க கேந்திரத்திலும் கிராம பஞ்சாயத்திலும் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே விசாரித்துக் கொள்வது நலம்.

காலுக்குக் கீழே

சுவரைப் பற்றிக் கவலைப்படுமளவுக்குத் தளத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சுவர் வெறும் மறைப்புத்தான். கோலாரில் தாராளமாகக் கிடைக்கும் சப்படிக் கல்லை நட்டே நாலடி உயரத்துக்கு எழுப்பி, மேலே தகரம் அடிக்கலாம். ஆனால் தளம், இரண்டு டன் டிராக்டரை ஒரே ஜாக்கியின் அடியில், உள்ளங்கை அகல இடத்தில் தாங்க வேண்டும். அங்கே தளம் நொறுங்கினால் கீழே இருப்பது ஒரு மனிதன்.

மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, நாலங்குலம் ஜல்லி பரப்பி, அதன் மேல் ஆறங்குலக் கான்கிரீட். கலவை ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி. வேலை மேஜைப் பக்கம் மட்டும் நாலங்குலம் போதும். 12 அடிக்கு ஒரு வெட்டு விட்டால் வெடிப்பு அந்தக் கோட்டோடு நின்று விடும். கதவை நோக்கி எட்டடிக்கு ஓரங்குலம் சரிவு வேண்டும். கரிசல் மண் உள்ள இடமானால் இதெல்லாம் போதாது; அந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அதை எடுத்து விட்டு கிராவல் மண் நிரப்ப வேண்டும்.

நகரத்து சர்வீஸ் ஸ்டேஷனைப் பார்த்து விட்டு, தரையில் பள்ளம் வெட்டச் சொல்பவர்கள் உண்டு. காருக்கு அது தேவை. டிராக்டரோ தானாகவே தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டி. பெட்ரோல் ஆவியும் கேஸ் சிலிண்டர் வாயுவும் காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில்தான் தேங்கும். மழைக்காலத்தில் தண்ணீரும் தேங்கும். பள்ளம் வேண்டவே வேண்டாம்.

கூரையின் கைமரச் சட்டத்தில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு என்ஜினைத் தூக்குவது எங்கும் காணும் வழக்கம். அந்தச் சட்டம் ஷீட்டின் எடைக்கும் காற்றுக்கும் போட்ட கணக்கு. முந்நூறு நானூறு கிலோ என்ஜினுக்கு அல்ல. தூக்குவதற்கென்றே தனித் தூண்களோடு ஓர் இரும்பு உத்தரம் வைக்க இப்போதே திட்டமிட வேண்டும். முடியாவிட்டால் கனமான குழாய்களால் ஒரு முக்காலி. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் மலிவு என்பார்கள். அதில் துளை போடும்போது எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தகர ஷீட்டே போதும். பத்துக்கு ஒன்று வெளிச்சம் விடும் ஷீட்டாக இருக்கட்டும்.

மின்சாரம்

கர்நாடகத்தில் 10 ஹெச்.பி. வரையுள்ள பாசன மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அந்த லைனிலிருந்தே வெல்டிங் மெஷினுக்கு ஒரு வயர் இழுத்தால் என்ன என்று தோன்றும். அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறொன்றுக்கு மின்சாரம் எடுத்தால், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவின்படி கட்டணம் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். அது ஒரு புறம் இருக்க, மும்முனை மின்சாரம் வயலுக்கு வருவதே நாளில் சில மணி நேரம்தான்; பல நாள் அது ராத்திரியில். எனவே பட்டறைக்குத் தனி மீட்டர். வெல்டிங்குக்கு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் ஒரு முனை மின்சாரத்திலேயே ஓடும், 3.15 மி.மீ. ராடுக்கு நூறு, நூற்றிருபது ஆம்பியர் தாராளம். ஒழுங்கான எர்த் குழியும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்து விடும் பாதுகாப்பு சுவிட்சும் கட்டாயம் வேண்டும். ஈரக் காலோடு வந்து கிரைண்டரைத் தொடும் இடம் இது.

எதை முதலில் வாங்குவது?

கட்டடத்தில் பணம் கரைந்த பிறகு மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். நல்ல ஸ்பேனர் செட், ஆறங்குல வைஸ், கிரீஸ் கன், ஜாக்கி, ஜாக்கியோடு இரண்டு தாங்கு ஸ்டாண்டு. இவை முதல் வரிசை. வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவா, மில்லிமீட்டர் அளவா என்று பார்த்த பிறகே ஸ்பேனர் வாங்க வேண்டும். சில மாடல்களில் இரண்டும் கலந்திருக்கும். வைஸின் வாய், வேலை செய்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அதை அளந்து தான் மேஜையின் உயரம். கடையில் கிடைத்த மேஜைக்குத் தக்கபடி முதுகை வளைக்கக் கூடாது.

பிறகு வெல்டிங் மெஷின், கிரைண்டர், டிரில். கம்ப்ரஸர் அதற்கும் பிறகு. டிராக்டரின் பின் டயருக்கு வேண்டியது 12 முதல் 16 பவுண்டு அழுத்தம்தான். கேஸ் கட்டிங் செட்டைக் கடைசியில் யோசிக்கலாம்.

இதையெல்லாம்விட விதைப்பு நாளைக் காப்பாற்றுவது ஒரு சின்ன அலமாரி. டாப் லிங்க் பின், லின்ச் பின், ரோட்டவேட்டர் பிளேடும் அதன் போல்ட்டும், கொழு, ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர். எல்லாம் சேர்ந்தாலும் வெல்டிங் மெஷினின் விலை வராது.

கதவருகில் 6 கிலோ தீயணைப்பு சிலிண்டர் ஒன்று மாட்டியிருக்க வேண்டும். தீயைத் தாண்டிப் போய் எடுக்கும்படி உள் மூலையில் அல்ல. காலி டீசல் டிரம்மை வெல்டிங் செய்வது, ஹைட்ராலிக்கில் தூக்கிய கலப்பையின் அடியில் அப்படியே நுழைவது, இந்த இரண்டையும் வாடகை டிரைவர் உட்பட யாருக்கும் அனுமதிக்கக் கூடாது. காலி டிரம்மில் டீசல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கிறது. வெடிப்பது அந்த ஆவிதான்.

வேலை தொடங்க ஏற்ற மாதம் தை. ராகி அறுவடை முடிந்து ஆட்களும் டிராக்டரும் ஓய்வாக இருக்கும் நேரம். தளம் முழு பலம் பெற 28 நாள் ஆகும். முதல் பத்து நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இதையே சித்திரைக்குத் தள்ளினால், அந்தத் தண்ணீரை டேங்கர் லாரியில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.