பேரிடரைப் பயிலும் படிப்பு

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே குடியிருப்போருக்கு மழைக்காலத்தைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பெய்தது வழக்கமான மழையன்று. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. தென்கோடியிலுள்ள கொலாபாவிலோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டர்தான். கோட்டைப் பகுதிக் காரியாலயங்களில் இருந்தவர்கள், வடக்கே நகரம் மூழ்குவதை அறியாமலே வீடு நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களுள் பலர் இரவெல்லாம் இடுப்பளவு நீரில் நடந்தார்கள். சிலர் வீடு சேரவேயில்லை.

இத்தகையவற்றைத் தெய்வச் செயல் என்று சொல்லி அமைவது நம் இயல்பு. மழை தெய்வச் செயலாகவே இருக்கட்டும், வடிகால் அவ்வாறன்று. நகரத்துப் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளையில், தாங்குமாறு கட்டப்பட்டவை. அன்று பிற்பகலிலோ கடலில் ஓதம் ஏறியிருந்தது. தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்தில் கலக்கும் மித்தி ஆறு, கரையிலே கட்டடங்களும் குப்பையும் நெருக்கியதால் குறுகிக் கிடந்தது. போக வழியில்லாத நீர் வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் பரவிற்று. இவற்றுள் இயற்கை செய்தது எது, மனிதர் செய்தது எது என்று பிரித்தறிவதில்தான் பேரிடர் மேலாண்மை என்னும் கல்வி தொடங்குகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் 2001க்குப் பின் இக்கல்வி நாட்டுப் பாதுகாப்போடு இணைத்துக் கற்பிக்கப்படலாயிற்று. நம் நாட்டில் 1957லேயே அவசரகால உதவிப் பயிற்சிக்கென நாகபுரியில் ஒரு நிலையம் தோன்றியது. அதுவே பின்னர் தேசிய சிவில் பாதுகாப்புக் கல்லூரி ஆயிற்று.

நம்மவர்க்கு அண்மையில் இருப்பது, செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம். 1936இல் தோன்றிய இக்கழகம், பிரிவினைக்குப் பின் குருக்ஷேத்திர அகதி முகாமிலும் தொண்டாற்றியது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த நிவாரணப் பணியையும் ஆராய்ந்தது. பேரிடர்க் கல்விக்கென இங்குத் தனிப் பள்ளி அமைந்து, இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு நடைபெறலாயிற்று. எத்துறையில் பட்டம் பெற்றவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது கவனிக்கத்தக்கது. நிலப்படம் வரைதல், பொதுச் சுகாதாரம், பொருள்களைக் கொண்டு சேர்க்கும் முறை, சட்டம் ஆகியவற்றோடு களப்பணியும் உண்டு.

“வேலை கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைய வேண்டும். அவற்றிலும் தொண்டு நிறுவனங்களிலும் இடமுண்டு. ஆனால் பொறியியல் பட்டத்தைப் போல ஊரறிந்த வழியன்று இது. அதை மறைத்துப் பயனில்லை.

எனினும் தாராவியில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு முதல் உண்டு. எந்தச் சந்தில் இருவர் எதிரெதிரே நடக்க இயலாது, எந்த வீட்டு மாடிக்கு இரும்பு ஏணியன்றி வேறு வழியில்லை, அந்த மாடியில் தனித்திருக்கும் பாட்டிக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது என்பதெல்லாம் அவன் அறிவான், அவள் அறிவாள். மராத்தியிலும் இந்தியிலும் வரும் எச்சரிக்கையை அந்த ஏணியடியில் நின்று தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.