சாம்புகனின் பறை

மறைந்த தோழரின் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில், நம் மண்ணின் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளி உள்ளிட்ட கொங்குப் பகுதியில் உடுக்கடிப் பாட்டாக விடியவிடியப் பாடப்படுவது அண்ணன்மார் கதை. பொன்னரும் சங்கரும் அதன் நாயகர்கள், நிலவுடைமைக் குடியினர். அவர்களுக்காகப் பறை முழக்கி, பன்றி வேட்டைக்கும் உடன் போனவர் பறையரான சாம்புகன். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கம் இக்கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அது 1992-இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூலானது. பின்னர் 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகவும் வந்தது. அன்று நாடாவில் பதிவானதால்தான் சாம்புகன் இன்று திரையிலும் இருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே விதிதான். தனக்குக் கொடுக்கப்பட்ட எழுத்திலும் ஒலியிலும் படத்திலும் எது அதிகம் வருகிறதோ, அதையே அது வழக்கமாகக் கற்கிறது. கொங்கு வரலாறு என்று அச்சில் இருப்பதில் பெரும்பகுதி கோயில்களும் கல்வெட்டுகளும் பட்டக்காரர் பரம்பரைகளும்தான். சேரியின் ஒப்பாரியும் பண்ணையாளின் நினைவும் அச்சேறியது குறைவு. இந்நிலையில் அண்ணன்மார் கதையைச் சுருக்கித் தரச் சொன்னால், சாம்புகன் உதிர்ந்துபோகும் வாய்ப்பே அதிகம். யாரும் திட்டமிட்டு நீக்க வேண்டியதில்லை. தரவுக்குள் இருக்கும் சாதியே அதைச் செய்துவிடும்.

அதற்காகக் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றிய அரசு 2022-இல் தொடங்கிய பாஷினி போன்ற திட்டங்கள், பேச்சை எழுத்தாக்கும் வேலையை எளிதாக்குகின்றன. நம் பாட்டிமாரின் வட்டாரச் சொல்லில் கருவி தடுமாறும்போது திருத்தும் கை நம்முடையதாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வானொலியான தே ஹிக்கு மீடியா, 2018-இல் பத்தே நாளில் சுமார் 300 மணி நேரக் குரல்பதிவைத் திரட்டித் தங்கள் மொழிக்கான பேச்சறி கருவியை உருவாக்கியது. அந்தத் தரவின் காவல் உரிமையையும் தம் மக்களிடமே வைத்துக்கொண்டது.

பதிவுக்குப் போகும் மாணவர்களிடம் நாம் கேட்பது மூன்று. பாடுபவரின் பெயரை அவர் விரும்பும்படி குறியுங்கள். எதை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். கருவி எழுதியதை வெளியிடுமுன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பறைக்கு 'நாட்டுப்புறக் கலை' என்று மட்டும் தலைப்பிட்டால், சாவுக்குக் கட்டாயமாக அடிக்கவைத்ததும், அதை மறுத்து நம்மவர்கள் போராடியதும் மறைந்துவிடும். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் நம் மரபு. கருவிக்குக் கொடுப்பதானால் இரண்டையும் சேர்த்தே கொடுப்போம்.