அண்டா, சைக்கிள், கார்: ஒரு ஜல்லிக்கட்டு மாட்டின் வரவு செலவு

ஆனையூரிலிருந்து பேசுறேன். இந்த அத்தியாயத்துக்குக் காரணம் என் தம்பி மகன். போன பொங்கலிலிருந்து ஒரே பிடிவாதம்: "அத்தை, ஒரு கன்னு வாங்கலாம். ஜல்லிக்கட்டுக்கு வளக்கலாம். ஜெயிச்சா டிராக்டர் குடுக்குறாங்க." எங்க வீட்டில் எட்டு வருஷம் ஒரு காளை நின்றது. கருப்பன் என்று பேர். அதன் செலவுக் கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தவள் நான். அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுறேன். அவனுக்குச் சொல்கிற பதிலை நீங்களும் கேளுங்க.

முதலில் பரிசு

ஜல்லிக்கட்டு என்ற பேரே பரிசிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். சல்லிக்காசைத் துணியில் முடிந்து மாட்டின் கொம்பில் கட்டி விடுவார்கள். மாட்டை அணைந்து அந்த முடிச்சை அவிழ்ப்பவனுக்கு அந்தக் காசு. அதை வைத்து ஒரு வேளை சோறுகூட நிறைவாகச் சாப்பிட்டிருக்க முடியாது. ஆனால் ஊர் பார்க்க அவிழ்த்தான் பாருங்க, அதுதான் பரிசு.

இது நம்ம ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கிராமத்து மட்டக்குதிரைப் போட்டிகளில் ஜெயித்த குதிரைக்கு ரிப்பனைப் பூ மாதிரி மடித்துக் குத்துவார்கள். அங்கே முதல் பரிசுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம். அமெரிக்காவில் அதுவே தலைகீழ், நீலம்தான் முதல். கடையில் வாங்கினால் சொற்பக் காசுக்குக் கிடைக்கிற துணி. அதற்காக வருஷம் முழுக்க ஒரு குதிரைக்குத் தீனி போடுகிறார்கள். நாமளும் அதே ஆட்கள்தான்.

இன்றைக்கு வாடிவாசலில் என்ன நடக்கிறது? மாடு பிடிபட்டால் பரிசு வீரருக்கு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்கு. ஒவ்வொரு மாட்டுக்கும் மைக்கில் அறிவிப்பு வரும்: அண்டா, சைக்கிள், கட்டில், வெள்ளிக்காசு, வேட்டி துண்டு. எல்லாம் யாரோ ஒருவர் உபயம். சில மாட்டுக்காரர்களே "என் மாட்டைப் பிடிச்சா நான் இவ்வளவு தர்றேன்" என்று மேலே பணம் கட்டுவார்கள். கடைசியில் அதிக மாடு பிடித்தவர் சிறந்த வீரர், நின்று விளையாடிய மாடு சிறந்த காளை. காரும் டிராக்டரும் அங்கேதான் வருகிறது.

இப்போ செலவு

நோட்டில் இருப்பதைச் சொல்றேன். இது எங்க வீட்டுக் கணக்கு, ஒரு மாட்டுக்கு, ஒரு வருஷத்துக்கு.

பருத்திக்கொட்டை, தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் சேர்த்து நாளைக்கு 250 ரூபாய். வருஷத்துக்கு 91,250. அந்த வருஷம் ஏழு ஊருக்குக் கொண்டு போனோம். பக்கத்து ஊர் இரண்டுக்குக் குட்டியானை வாடகை 4,000. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் ஐந்து ஊருக்கு 25,000. கூட வந்த பையன்களுக்குச் சாப்பாடு, டீ எல்லாம் 7,000. கயிறு, மருந்து, சில்லறைச் செலவு 3,000. கூட்டினால் 1,30,250.

வரவு? இரண்டு அண்டா, ஒரு சைக்கிள், நான்கு வேட்டி துண்டு, ரொக்கம் 3,000. எல்லாவற்றையும் விற்றாலும் பன்னிரண்டாயிரம் தேறாது.

நோட்டில் எழுதாத செலவும் உண்டு. விடியக்காலை ஐந்து மணிக்கு அப்பா கண்மாய்க்குக் கொண்டு போய் நீச்சல் விடுவார். சாயங்காலம் மண் குத்த விடணும். 2011-ல் ஆனையூர் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. வைக்கோல் போட இடம் இல்லை, சாணி கொட்ட இடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரங்க பொறுத்துக்கொண்டது அப்பா முகத்துக்காக.

இவ்வளவு செய்தும் மாடு வாடிவாசலைப் பார்க்குமா என்பதே நிச்சயம் இல்லை. 2025 பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஊருக்கும் சேர்த்து இணையத்தில் பதிவான காளைகள் 12,632. வீரர்கள் 5,347. ஓர் ஊரில் ஒரு நாளில் அவிழ்க்க முடிவது சுமார் ஆயிரம் மாடுதான். மிச்சப் பேர் டோக்கன் கிடைக்காமல் வேறு ஊர் தேடிப் போகணும்.

இன்னொன்று. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2015, 2016 இரண்டு பொங்கலும் வாடிவாசல் மூடித்தான் கிடந்தது. தீனி மட்டும் நிற்கவில்லை. தாக்குப்பிடிக்க முடியாமல் மாட்டை விற்றவர்கள் எங்க தெருவிலேயே உண்டு. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு சட்டம் வந்து, பிப்ரவரியில்தான் அலங்காநல்லூரில் மறுபடியும் மாடு அவிழ்த்தார்கள். 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்ன பிறகுதான் மாட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

எது பிடி, எது பிடி இல்லை

விதி கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரே ஆள், திமிலை மட்டும் பிடிக்கணும். கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது. மாடு மூன்று துள்ளு துள்ளும் வரை, இல்லை குறித்த எல்லைக்கோடு தாண்டும் வரை விடாமல் இருந்தால் அது பிடி. இரண்டு பேர் சேர்ந்து தொங்கினால் செல்லாது. மாட்டுக்குச் சாராயம் ஊற்றுவது, மிளகாய்ப்பொடி தூவுவது எல்லாம் குற்றம்.

இதெல்லாம் நடந்து முடியச் சில விநாடிதான். புழுதி, கூச்சல், சுற்றிலும் இருபது முப்பது பேர். கமிட்டி ஆள் பார்த்துச் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பால் போவது ஒரு அண்டா மட்டும் இல்லை. வீரர்கள் சுற்றுச் சுற்றாக இறங்குகிறார்கள். அதிகம் பிடித்தவர்தான் அடுத்த சுற்றுக்குப் போவார். ஒரு மாடு எண்ணிக்கையில் குறைந்தால் அவர் பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகணும்.

2024 ஜனவரி 17 அலங்காநல்லூர் ஞாபகம் இருக்கும். முதல் இடம் 18 காளை, இரண்டாம் இடம் 17. ஒரே ஒரு மாடு வித்தியாசம். ஒருவருக்குக் கார். முடிவு சரியில்லை என்று இரண்டாம் இடம் வந்தவர் வெளிப்படையாகவே சொன்னார். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஏழே நாளில் பக்கத்தில் கீழக்கரையில் புது அரங்கம் திறந்தார்கள். அங்கே அதே வீரர் 10 காளையைப் பிடித்து முதல் பரிசாக ஜீப் வாங்கினார். பேசியதையும் பேசினார், மறுபடி இறங்கியும் காட்டினார்.

பரண்மேல் இருக்கும் அண்டா

இப்போ எங்க கதை. பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஊர். அப்பா வாடிவாசலுக்குப் பின்னால் மாட்டோடு நிற்கிறார். அங்கிருந்து முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. நான் பக்கவாட்டில் கேலரியில். கருப்பன் வெளியே வந்தது. ஒல்லியாக ஒரு பையன் திமிலைக் கட்டினான். ஒரு துள்ளு, இரண்டு, மூன்று. மூன்றாவதுக்கு அப்புறம்தான் கை விட்டது. நான் கண்ணால் பார்த்தேன். மைக்கில் "மாடு ஜெயிச்சிருச்சு, மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிக்கங்க" என்றார்கள். அந்தப் பையன் கையைத் தூக்கி ஏதோ சொன்னான். அதற்குள் அடுத்த மாடு வந்துவிட்டது.

ராத்திரி வண்டியில் வரும்போது அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்பவே ஏன்த்தா சொல்லலை?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நம்ம மாடு ஜெயித்தது என்று சொன்னதும் நானும்தான் கை தட்டினேன். "பனியன் நம்பர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அதுவும் இல்லை.

அந்த அண்டா இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. ஒரு பொங்கலுக்குக்கூட இறக்கவில்லை. வீட்டுக்கு வருபவர்களிடம் அப்பா சைக்கிளைக் காட்டுவார், போட்டோவைக் காட்டுவார். அண்டாவைக் காட்ட மாட்டார். நேர்மாறாக, அவனியாபுரத்தில் கருப்பன் சுத்தமாகப் பிடிபட்ட வருஷம் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் பிடித்த பையன் மாடு பிடிக்கிற இடம் வரைக்கும் தேடி வந்து, கருப்பன் கழுத்தைத் தடவிவிட்டு, "நல்ல மாடுண்ணே" என்று சொல்லிட்டுப் போனான். அதை அப்பா இன்னைக்கும் சொல்வார்.

ஆக, தம்பி மகனுக்கு என் பதில் இதுதான். டிராக்டருக்காக வாங்காதே, அந்தக் கணக்கு ஓடாது. ஐந்து வருஷம் தீனி போடக் காசு இருக்கா, ஐந்து மணிக்கு எழுந்திருப்பியா, மாடு பிடிபட்டால் பிடித்தவனுக்குக் கை தட்டுவியா, இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் கன்று பார்க்கப் போகலாம். முதல் இரண்டுக்கும் உடனே தலையை ஆட்டினான். மூன்றாவதுக்கு யோசிக்கிறான். யோசிக்கட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு அண்டா இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.