கதவு எண் இல்லாத ஊரில் கணக்கெடுப்பு

ஓர் ஊர் மக்களிடம் ஆய்வு நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர்கள் முதலில் தேடுவது வீடுகளின் பட்டியலைத்தான். அதிலிருந்து குலுக்கல் முறையில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, கதவைத் தட்டிக் கேள்வி கேட்பார்கள். கதவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை, ஊரே சில நாள்களில் காணாமல் போய்விடும் என்றால் என்ன செய்வது?

அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள பிளாக் ராக் பாலைவனத்தில், ஆகஸ்டு மாத இறுதியில் ‘பர்னிங் மேன்’ என்ற கலை விழா நடைபெறும். சுமார் 70,000 பேர் கூடாரங்களிலும் வண்டிகளிலும் தங்குவார்கள். விழா முடிந்ததும் அனைத்தையும் கழற்றி எடுத்துச் சென்றுவிடுவார்கள். இந்தத் தற்காலிக நகருக்கும் ஒரு மக்கள் கணக்கெடுப்பு இருக்கிறது. தொண்டூழியர்களும் கல்வி ஆய்வாளர்களும் சேர்ந்து அதை நடத்துகிறார்கள்.

முதல் சவால் தூசி. அந்த நிலம் வறண்டுபோன ஏரியின் அடித்தளம். மாவைப் போன்ற அதன் தூசிக்குக் காரத்தன்மை உண்டு; தோலில் படிந்தால் வெடிப்பு ஏற்படும். புயலாகக் கிளம்பினால் எதிரில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார். காகிதப் படிவம் காற்றில் பறக்கும். மின்கருவி என்றால் அதன் துளைகளில் தூசி புகும். கடும் வெயிலில் திரையில் இருப்பதைப் படிப்பதும் சிரமம். இரவில் குளிர் நடுக்கும். மின்னூட்டம் செய்ய வீட்டில் இருப்பதுபோல் வசதி இல்லை. தொலைபேசித் தொடர்பையும் நம்ப முடியாது. 2023ஆம் ஆண்டில் மழை பெய்தபோது இதே தூசி சேறாகி, சக்கரங்களிலும் காலணிகளிலும் ஒட்டிக்கொண்டது. பாதைகள் மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வெளியேற முடியாமல் தவித்தார்கள்.

இவற்றை முன்னேற்பாட்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால், கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் ‘ஒருபக்கச் சாய்வு’.

நீங்கள் அங்கே நண்பகலில் படிவத்தோடு சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஆடியவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் சிக்குபவர்கள் விழித்திருப்பவர்கள் மட்டுமே. வெயிலில் களைத்துப்போன நீங்கள், தொலைவில் உள்ள கூடாரத்தை விட்டுவிட்டு அருகில் சிரித்த முகத்தோடு இருப்பவரிடம் போவீர்கள். அவரைச் சுற்றி நண்பர்கள் இருந்தால், உண்மைக்குப் பதிலாக வேடிக்கையான பதில் வரலாம். மது அருந்தி நிதானம் இழந்தவரிடம் கேட்கவே கூடாது. கேள்வியைப் புரிந்துகொண்டு சம்மதம் தெரிவிக்க அவரால் இயலாது.

இப்படி 1,000 பேரிடம் கேட்டாலும் பயன் குறைவு. எண்ணிக்கை கூடுவதால் சாய்வு மறையாது. விட்டுப்போனவர்களுக்குத் தேவையான மருத்துவ உதவியோ பேருந்தோ திட்டத்திலும் விட்டுப்போகும்.

இதற்கு அந்தக் குழு கண்ட வழி எளிமையானது. கூடாரங்களுக்குக் கதவு எண் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒரு வாயில் உண்டு. பெரும்பாலோர் வாகனங்களில் வரிசையாக நின்று அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். தொண்டூழியர்கள் அங்கே நின்று, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வாகனங்களில் வருவோரிடம் சில சிறு கேள்விகளை மட்டும் கேட்பார்கள்: வயது என்ன, இது எத்தனையாவது முறை என்பன போன்றவை. யாரை நிறுத்துவது என்பதை முகமோ சிரிப்போ முடிவு செய்வதில்லை. பல மணி நேரம் வரிசையில் காத்திருந்து அலுத்தவர்களிடம் நீண்ட படிவத்தை நீட்டவும் முடியாது அல்லவா? நீண்ட கேள்விகள் விழாவுக்குப் பின் இணையம் வழி கேட்கப்படும்.

இணையத்தில் பதில் அளிப்பவர்கள் விருப்பத்தோடு முன்வருபவர்கள். அங்கேயும் சாய்வு வரும். அதைத் திருத்த வாயிலில் கிடைத்த விவரம் உதவுகிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். வாயிலில் 100 பேரில் 40 பேர் முதன்முறையாக வந்தவர்கள். இணையத்தில் பதில் தந்த 100 பேரில் அத்தகையோர் 20 பேர்தான். ஆகவே, அந்த 20 பேரின் பதில் ஒவ்வொன்றையும் 2 எனக் கணக்கிட வேண்டும்; 20 × 2 = 40. மற்ற 80 பேரின் பதிலை 0.75 எனக் கணக்கிட வேண்டும். 80 × 0.75 = 60. இப்போது விகிதம் சரியாகிவிட்டது. இதை ‘எடையிடுதல்’ என்பார்கள்.

உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை உணவைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்களா? ஓய்வு நேரத்தில் அங்கே போய் நின்றால், வீட்டிலிருந்து உணவு கொண்டுவரும் மாணவர்கள் விட்டுப்போவார்கள். அந்த உணவு பிடிக்காதவர்களும் அவர்களில் இருக்கலாமே! எல்லா வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளையும் ஒரே பட்டியலாக்குங்கள். முதல் பத்துப் பெயர்களில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பத்தாவது பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாணவர் எங்கே இருந்தாலும் தேடிச் சென்று கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.