கல்லும் அதன் விபரச்சீட்டும்: இலங்கைக் கனிப்பொருள் மாதிரிகளும் கல்முனைக் கரை மணலும்

பல்கலைக்கழகப் புவிச்சரிதவியற் பிரிவொன்றின் மாதிரிப் பேழையைத் திறந்தால் வரிசையாகச் சிறு அட்டைப் பெட்டிகள் காணப்படும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கல்; கல்லின் அடியில் மடித்து வைக்கப்பட்ட ஒரு விபரச்சீட்டு. பார்வையாளர் கல்லைப் பார்ப்பர். ஆய்வாளர் முதலிற் சீட்டையே பார்ப்பர். கனிப்பொருளின் பெயர், எடுத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர், பதிவிலக்கம் ஆகியன அதில் இருக்கும். இவற்றுட் பெயரே தலையாயது என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு மாறானது. பெயர் பிழையாயின் ஐம்பது ஆண்டு கழிந்தும் திருத்திக்கொள்ளலாம். இடம் தொலைந்துவிட்டால் எவராலும் மீட்டுத்தர முடியாது. இலங்கைக் கனிப்பொருள்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றுகள் சிலவற்றைத் தருகின்றது. அவற்றை முதலில் நோக்கியபின் எமது கீழைக் கரையின் மணலுக்கு வருவோம்.

ஆனந்த குமாரசுவாமியைக் கலைத் தத்துவ அறிஞராகவே தமிழுலகம் அறியும். அவருடைய முதற்றுறை புவிச்சரிதவியல் என்பது அடிக்குறிப்புகளிலேயே இடம்பெறுகின்றது. இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900இற் பட்டம் பெற்ற அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராகக் கடமையாற்றினார். கண்டிப் பகுதியிலுள்ள கங்கப்பிட்டியில் எடுக்கப்பெற்ற நீலநிறக் கனிப்பொருளொன்றை அவரும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரயரும் புதியதோர் இனமென விவரித்து, சரந்தீப் என்னும் அரபு வழக்கைத் தழுவிச் 'செரெண்டிபைற்று' எனப் பெயரிட்டனர். அரபு மாலுமிகள் இத்தீவுக்கு வழங்கிய பெயர் இவ்வாறு உலகக் கனிப்பொருட் பட்டியலில் ஏறியது.

இதனினும் விளைவு மிக்கது தோரியனைற்று. சபரகமுவை மாகாணத்தின் மாணிக்கப் பரலில் நீர்போல் ஒன்பது மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்ட கரிய கனசதுரப் பளிங்குகள் கிடைத்தன. குமாரசுவாமி 1904இல் இதனை யுரேனினைற்று என்றே விவரித்தார். மாதிரி இலண்டனிலுள்ள இம்பீரியல் இன்ஸ்ரிரியூற்றுக்குச் சென்றது. அங்கு வின்டம் டன்ஸ்ரன் அதனைப் பகுத்து, அதன் பெரும்பகுதி தோரியம் ஈரொட்சைட்டு எனக் கண்டு புதுப்பெயர் வழங்கினார். குடியேற்ற நாட்டுக் கனிப்பொருள் ஆய்வு அறிவின்பத்திற்காக மட்டும் நடந்ததன்று. வாயு விளக்குகளின் ஒளிவலைக்குத் தோரியம் வேண்டியிருந்தது. பேரரசின் எப்பகுதியில் அது கிடைக்கும் என்பதே இம்பீரியல் இன்ஸ்ரிரியூற்றின் கேள்வி. ஆயினும் கல் தன்னைத் தேடியவரின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பொருளொன்றை, குமாரசுவாமி பயின்ற அதே கல்லூரியில் வில்லியம் இராம்சேயிடம் பணிபுரிய வந்திருந்த ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் தூய்மையாக்க முற்பட்டார். அதனுள் அதுவரை அறியப்படாத கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளொன்று இருந்தது. 1905இல் அதற்குக் கதிர்த்தோரியம் எனப் பெயரிட்டார். இன்று அது தோரியம் 228 எனப்படும் சமதானி. 1938இற் கருப்பிளவைக் கண்டறிந்தவரும் இதே ஹான்தான். அவருடைய முதற் கண்டுபிடிப்பு சபரகமுவைப் பரலிலிருந்து வந்தது என்பதை எமது பாடநூல்கள் கூறுவதில்லை.

'யுரேனினைற்று' என்னும் முதற்பெயர் பிழையானது. அதனால் எந்நட்டமும் நேரவில்லை. கல் இருந்தது, இடம் தெரிந்திருந்தது, பெயர் மாறியது. சிங்களைற்றின் கதையும் இதுவே. கபிலநிற ஒலிவின் என்று கருதப்பட்ட இலங்கைக் கற்கள் நெடுங்காலமாக நூதனசாலைகளிலும் வணிகர் கைகளிலும் இருந்தன. சாரடர்த்தியிற் சிறு முரண்பாடு காணப்பட்டது. எக்ஸ் கதிர்ப் படம் ஒலிவினுக்குரியதாக அமையவில்லை. 1952இற் கிளாரிங்புள், ஹே ஆகியோர் அது மகனீசியம், அலுமினியம், போரன் ஆகியவற்றின் ஒட்சைட்டான தனி இனம் என நிறுவினர். சீட்டில் எழுதியிருந்த பெயர் அழிக்கப்பட்டது; 'இலங்கை' என்னும் சொல் அழிக்கப்படவில்லை. புதுப்பெயரே இத்தீவின் சமஸ்கிருதப் பெயரான 'சிங்கள' என்பதிலிருந்துதான் பிறந்தது.

இடம் தொலைந்தமைக்கும் உதாரணம் உண்டு. பாறைகளின் வயதை அளக்கும் ஆய்வுகூடங்கள் தமது கருவிகளைச் சரிபார்க்க வயது திட்டவட்டமாகத் தெரிந்த சிர்க்கன் துண்டுகளைப் பயன்படுத்துகின்றன. இவ்வாறு பயன்படும் கற்களுட் பல இலங்கை மாணிக்கப் பரலிலிருந்து சென்றவை; ஏறத்தாழ 56 கோடி ஆண்டு வயதுடையவை. பட்டை தீட்டிய அணிகலக் கல்லாக விலைக்கு வாங்கப்பட்டு, பின்னர் உடைக்கப்பட்டு ஆய்வுகூடங்களுக்குப் பகிரப்பட்டதும் அவற்றுள் ஒன்று. அதன் வயது மிக நுட்பமாகத் தெரியும். எந்த ஊர், எந்த ஆற்றுப்படுகை, எந்தக் குழி என்பன தெரியா. குழிக்குள் இறங்கி அதனை எடுத்த தொழிலாளிக்கு மட்டும் தெரிந்திருந்த செய்தி வணிகரின் பொட்டலத்திலேயே மறைந்துவிட்டது. உலகின் பாறைகளுக்கு வயது சொல்ல உதவும் கல் தான் பிறந்த இடத்தைச் சொல்ல இயலாது நிற்கின்றது.

இனிக் கல்முனைக்கு வருவோம். ஊர்ப்பெயரிற் கல் உண்டெனினும் இப்பகுதியினர் நாளாந்தம் காண்பது மணலையே. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியின் கொந்தளிப்பு ஓய்ந்தபின் கரைவலை இழுக்கும் இடங்களிற் கரிய கோடுகள் படிந்திருக்கும். அது அழுக்கன்று, நிலக்கரியுமன்று. காந்தமொன்றைக் காகிதத்திற் சுற்றி அம்மணலில் உருட்டினால் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும். இல்மனைற்று, காணெற்று, சிர்க்கன், ரூற்றைல் முதலிய பாரக் கனிப்பொருள்கள் இத்தகைய மணலிற் கலந்திருக்கும். இக்கோடு எவ்வாறு உண்டாகின்றது? குவாட்சின் சாரடர்த்தி 2.65, இல்மனைற்றினது ஏறத்தாழ 4.7. ஏறிவரும் அலை எல்லாவற்றையும் கொண்டுவரும். மீளும் நீருக்கு அத்துணை வலுவில்லை. இலேசான குவாட்சை இழுத்துச் செல்லும், பாரமானதை விட்டுச்செல்லும். ஆயிரம் முறை நிகழும் இத்தரம்பிரிப்பே கரிய கோடு. மாணிக்கக் கூடையை நீரிற் சுழற்றி அரிக்கும் தொழிலாளி செய்வதும் இதுவே. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி மணிகளை நீரில் அமிழ்த்தி, வெளியேறிய நீரை நிறுத்து அவற்றை இனங்கண்டதும் இதே பண்பினைக் கொண்டுதான். மணிகள்பற்றிய அவருடைய நூலில் சரந்தீபும் வருகின்றது.

இம்மணல் உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆறுகளால் வந்தது. கீழ்ப்பகுதியின் விஜயன் தொகுதிப் பாறைகள் சுமார் 100 கோடி ஆண்டு தொன்மையன. அவற்றிலிருந்து பிரிந்த சிர்க்கன் மணி ஒன்று கல்முனைக் கரையிற் கிடந்தால் அது இந்தக் கடலினும் மூத்தது. ஆயின் கரை அத்தகைய நிலைபேறுடையதன்று. 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து பட்டிப்பளை ஆற்றுக்கு அணை எழுந்தபின், முன்பு ஆறு கடலுக்குக் கொணர்ந்த மணலில் ஒரு பகுதி நீர்த்தேக்கத்தின் அடியிலே தங்கலாயிற்று. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்க் கரைகளில் ஏறியது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அன்று கடல் வளவுகளுக்குள்ளே மணற் படையொன்றையும் விரித்துச் சென்றது. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர்கள் மணலின் போக்கை மறிக்க, துறைமுக வாயில் தூர்ந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பகுதிகளிற் கரை அரிக்கப்பட்டது. தென்னைகளும் காணிகளும் கடலுட் சென்றன.

கரை எங்கே இருந்தது, எவ்வகை மணல் இருந்தது என்னும் கேள்வி இழப்பீடு கோரும் மீனவருக்கும் காணிச் சொந்தக்காரருக்கும் உயிர்ப்பிரச்சினை. அதற்கு விடைதரக்கூடியவை பழைய வரைபடங்களும், நாளும் இடமும் எழுதப்பட்ட மணல் மாதிரிகளுமே. ஆழிப்பேரலைப் படைக்கும் இது பொருந்தும். அம்பாந்தோட்டையின் கரகன் லேவாயச் சேற்றினுள் முற்காலப் பேரலைகள் விட்ட மணற் படைகள் இனங்காணப்பட்டுள்ளன. எமது களப்புகளில் அத்தகைய படையொன்றைத் தேடுவோருக்கு ஒப்புநோக்க 2004இன் மணல் வேண்டும். அது வளவுகளிலிருந்து அள்ளி அகற்றப்பட்டுவிட்டது. பிணம் தேடிய நாளில் மணலைப் பொதிந்து வைக்கும் எண்ணம் எவருக்கும் வந்திருக்க இயலாது. எனினும் துப்புரவாக்கப்படாத தரவைகளிலும் களப்போரங்களிலும் மேற்சேற்றின் கீழ் அது இன்னும் இருத்தல் கூடும்.

புல்மோட்டையில் 1957இற் கூட்டுத்தாபனம் அமைந்த காலந்தொட்டு இல்மனைற்று பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது. வெண்பூச்சுக்குரிய தைத்தேனியம் ஈரொட்சைட்டாக அதனை மாற்றும் இலாபம் பிறருடையது. திருக்கோவிற் கரையிலும் இல்மனைற்றுச் செறிவு உண்டு. அதனை அகழ்வதா, விடுவதா என்பதிற் கருத்து வேறுபடலாம். அகழ்வதற்கு முன்னைய கரையின் பதிவு வேண்டும் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை. அதனை அகழ்பவர் கையிலேயே ஒப்படைப்பதும் பொருந்தாது.

ஒலுவிலிற் பல்கலைக்கழகமும் சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் உள்ளன. மருதமுனை முதல் திருக்கோவில் வரை ஒவ்வோர் ஊர்க் கரையிலும், பருவப்பெயர்ச்சிக்கு முன்னொருமுறையும் பின்னொருமுறையும், நீர்விளிம்பிலிருந்து அளந்த தூரத்தில் ஒரு கைப்பிடி மணல் எடுத்தல் பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. பாடசாலை மாணவரும் செய்வர். நன்னீரிற் கழுவி உப்பகற்றி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இடுதல் வேண்டும். சீட்டினைப் போத்தலின் வெளியே ஒட்டினாற் போதாது; பசை உலர்ந்து விழுந்துவிடும். பென்சிலால் எழுதிய இன்னொரு சீட்டை உள்ளேயும் இடுக. மை மங்கும், பென்சில் மங்காது. கனிப்பொருளின் பெயர் தெரியாவிடின் அவ்விடத்தை வெறுமையாக விடலாம். ஊர், ஒழுங்கை, கரைவலை வாடியின் பெயர், நாள், நேரம், எடுத்தவர் ஆகியவற்றை வெறுமையாக விடலாகாது.