முதியோர் இலையும் முரண்பட்ட பத்தியமும்

பத்தியம் என்பது நம் நாட்டாருக்குப் புதிய விஷயமன்று. பிரசவித்த பெண்ணுக்கு ஒரு பத்தியம், அம்மை கண்ட குழந்தைக்கு ஒரு பத்தியம், காமாலைக்கு ஒரு பத்தியம் என்று நம் இல்லங்கள் வழிவழியாக அநுசரித்து வந்திருக்கின்றன. ஆனால் ஒரே தேகத்தில் இரண்டு வியாதிகள் குடிபுகுந்து, ஒன்றுக்கு உகந்த ஆகாரம் மற்றொன்றுக்கு ஆகாததாய் முடியுமானால் அடுப்பண்டை நிற்பவர் என்ன செய்வது? நீரிழிவோடு சிறுநீரக நோயும் கண்ட முதியோர் உள்ள வீடுகளில் இக்கேள்வி தினந்தோறும் எழுகின்றது. இதைக் குறித்து நேயர்களுக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடையுமுன் வருவது தண்டலம். செம்பரம்பாக்கம் ஏரியின் பக்கத்து ஊர். நெல்லும் ஏரிநீருமாக இருந்த இப்பிரதேசம் நம் கண்முன்னேயே மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வரிசையாய் எழுந்தன. தண்டலத்திலேயே சவீதா மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. ஆகவே இவ்வூரார்க்கு வைத்தியர் தூரத்திலில்லை. ஆயினும், ஆஸ்பத்திரி வாயிலைக் கடந்து வீட்டுக்கு வந்தபின் உலையில் என்ன ஏற்றுவது என்னும் சங்கடம் மற்ற ஊரார்க்கு எவ்வளவோ அவ்வளவே இவர்களுக்கும் உண்டு. மகனும் மருமகளும் ‘ஷிப்ட்’ முறையில் வேலைக்குப் போகின்றனர். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதற்குள் குழந்தைகளுக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என மூன்று விதச் சமையல் நடக்க வேண்டுமானால் அது எத்தனை நாளைக்கு நடக்கும்?

இது ஓர் ஊரின் துன்பம் மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வொன்று 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி நம் தேசத்தில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதடைகின்றன. உடலில் நிற்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசிகின்றது. வெளியேற வேண்டிய உப்புக்களும் கழிவுகளும் இரத்தத்தில் தங்கிவிடுகின்றன. சிறுநீரகம் செயலிழப்பதற்குரிய காரணங்களுள் நீரிழிவே முதன்மையானது.

இனி முரண்பாட்டைப் பார்ப்போம். நீரிழிவு கண்டவுடன், “அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு உண்ணுங்கள், கீரையும் பருப்பும் சுண்டலும் சேர்த்துக் கொள்ளுங்கள்” என்று எல்லோரும் யோசனை சொல்லுகின்றனர். அந்த யோசனை நீரிழிவு மட்டும் உள்ளவருக்கு நல்லதுதான். சிறுநீரகம் தளர்ந்தபின் அதுவே வினையாகலாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகில் பொட்டாசியம் ஏறக்குறைய 443 மில்லிகிராம் என்றும், தீட்டிய பச்சரிசியில் 108 மில்லிகிராம் என்றும் காண்கிறோம். பாஸ்பரஸும் அரிசியில் உள்ளதைப்போல் இரு மடங்கு. வடிகட்ட இயலாத சிறுநீரகத்தின்மீது இச்சுமையை ஏற்றினால் இரத்தத்தில் பொட்டாசியம் மிகும். அளவு மீறினால் இருதயத்தின் ஓட்டமே நிலைகுலையும். சர்க்கரைக்கு விரோதி என்று தள்ளிவைத்த அரிசிச் சோறு சிறுநீரகத்துக்கு நண்பனாய் மீள்கின்றது. இவ்விசித்திரத்தைக் குடும்பத்தாருக்கு யார் விளக்கிச் சொல்லுகிறார்கள்?

விளக்குவோர் இல்லாமையால் நேர்வது என்ன? ஒரு வைத்தியர் விலக்கியதையும் மற்றொருவர் விலக்கியதையும் கூட்டி, அண்டை அயலார் விலக்கியதையும் அதன்மேல் அடுக்கி, கடைசியில் பெரியவரின் இலையில் உப்பற்ற கஞ்சி ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அவரோ இரண்டு வாய் உண்டு, “போதும்” என்று கையை உதறிவிடுகிறார். இது பத்தியமன்று, பட்டினி. முதுமையில் பட்டினி கிடப்பவரின் தசை கரையும், கால் தள்ளாடும், நோயெதிர்க்கும் வலி குன்றும். அதற்கு மேலும் ஓர் அபாயமுண்டு. தளர்ந்த சிறுநீரகம் இன்ஸுலினையும் சில மாத்திரைகளையும் விரைவில் கழிப்பதில்லை. மருந்து உடம்பில் தங்கி நிற்க, ஆகாரம் குறைந்துபோனால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து நினைவு தப்பும். வீட்டில் பிறர் இல்லாத வேளையில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தண்டலத்துக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் பெரியவர் திருப்தியாக உண்பது நாவின் சபலமன்று; சிகிச்சையின் ஓர் அங்கமே என்று வற்புறுத்துகிறோம்.

முதல் விதி, இரத்தப் பரிசோதனைக்குப் பின்னரே விலக்கு. பொட்டாசியம் மிகுந்தவருக்கே பொட்டாசியப் பத்தியம். மிகாதவருக்கு அது வீண் தண்டனை. சிறுநீரக வைத்தியத்துக்கு நெறி வகுக்கும் சர்வதேச நிபுணர் குழு 2022-இல் வெளியிட்ட முறைப்படி, டயாலிஸிஸ் செய்துகொள்ளாதவர் தம் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 0.8 கிராம் புரதம் உண்ணலாம். உப்பு 5 கிராமுக்குள் நிற்க வேண்டும். டயாலிஸிஸ் தொடங்கியபின் கணக்கு தலைகீழாகும். அப்போது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். பழைய விலக்கையே பிடித்துக்கொண்டிருந்தால் உடல் மெலியும்.

இக்கணக்கை நம் அடுக்களைப் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 40 கிராம் புரதம். நாள் முழுவதுக்கும் 200 கிராம் அரிசி என்றால் அதில் சுமார் 16 கிராம் வந்துவிடும். முப்பது கிராம் பருப்பில் 6 அல்லது 7, ஒரு முட்டையில் 6, ஒன்றரை ஆழாக்கு அளவுக்கு மிகாத பாலும் தயிருமாக 8, காய்கறியில் 3. கணக்கு நேராகிவிட்டது. பருப்பை அடியோடு நீக்கவும் வேண்டாம். சுண்டலைக் கிண்ணம் நிறைய வைக்கவும் வேண்டாம். பாஸ்பரஸ் மிகுந்தவருக்கு முட்டையின் வெண்கரு மிகவும் ஏற்றது, ஏனெனில் முட்டையின் பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சட்கருவில் இருக்கின்றது. சோற்றையும் ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பங்கிட்டு, காயோடு கலந்து உண்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது.

உப்பு விஷயத்தில் ஒரு யுக்தி சொல்லுகிறோம். சமையலில் உப்பைக் கலந்துவிட்டால் அது பண்டம் முழுவதிலும் கரைந்து நாவுக்கு மங்கலாகவே தெரியும். பெரியவருக்குரிய பங்கை உப்பிடுமுன் எடுத்து வைத்து, அவருக்கென வைத்தியர் அநுமதித்த உப்பை ஒரு சிறு செப்பில் அளந்து அவரிடமே கொடுத்துவிட வேண்டும். இலையில் மேலாகத் தூவிக்கொண்டால் குறைந்த உப்பே நிறைந்த ருசி தரும்; தம் பங்கைத் தாமே ஆளுகிறோம் என்ற மனநிறைவும் அவருக்கு உண்டாகும். மற்ற ருசியெல்லாம் மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம், கடைசியில் பிழியும் நாலு சொட்டு எலுமிச்சை இவற்றினின்று வரட்டும். சிறிது எண்ணெயில் கடுகு வெடிக்கும் மணமே பாதிப் பசியைக் கிளப்பும். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், அப்பளம் ஆகியவை உப்பின் களஞ்சியங்கள். அவற்றை விட்டால்தான் இந்தச் செப்புக் கணக்கு நிற்கும்.

காய்கறியில் சுரை, புடல், பீர்க்கு, வெள்ளரி, கோவை, முட்டைக்கோஸ், சௌசௌ ஆகியவை பெரும்பாலும் பயமற்றவை. உருளை, சேனை, முருங்கைக்கீரை, வாழைக்காய் முதலியவற்றில் பொட்டாசியம் மிகுதி. ஆசைக்கு ஒருநாள் உருளைக்கிழங்கு வேண்டுமென்றால், தோலைச் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, ஏராளமான நீரில் வேகவிட்டு, அந்நீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கலாம். பொட்டாசியத்தில் கணிசமான பாகம் நீரோடு போய்விடும். காயைச் சாம்பாரிலேயே வேகவைத்தால் நீங்க வேண்டிய பொட்டாசியம் குழம்பிலேயே நின்றுவிடும். தனியே வேகவைத்து வடித்த காயைக் கடைசியில் சேர்ப்பதே நன்று. நம் முன்னோர் சோற்றை வடித்துண்ட வழக்கமும் இங்கே கைகொடுக்கும்.

இனி ஒரு நாளின் உணவு. காலையில் மூன்று இட்லியும் பீர்க்கங்காய்த் துவையலும், சர்க்கரையில்லாத சிறு டம்ளர் காபியும். நண்பகலில் வடித்த சோறு, பாசிப்பருப்பு சிறிது சேர்த்த சுரைக்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், அரைக் கிண்ணம் மிளகு ரசம், மோர். மாலையில் ஓர் ஆப்பிள் துண்டு அல்லது உப்பில்லாப் பொரி. இரவில் காய் சேர்த்த அரிசி உப்புமாவும், மிளகுத்தூள் தூவிப் பொரித்த முட்டையும். இதில் நோயாளி ஆகாரம் என்று பிறர் முகஞ்சுளிக்கத்தக்கது எது? குடும்பம் முழுவதுமே உண்ணலாம். பெரியவருக்குத் தனி அடுப்பு வேண்டாம்; உப்பிடுமுன் எடுத்துவைக்கும் ஒரு கிண்ணம் போதும். விடியுமுன் புறப்படுகிறவருக்கு இதுவே பெரிய உபகாரம். கால் வீங்கியவருக்கும் டயாலிஸிஸ் செய்துகொள்வோருக்கும் வைத்தியர் நீரளவு வகுத்திருந்தால், ரசமும் மோரும் காபியும் அந்த அளவில் அடக்கம் என்பதை மறக்கலாகாது.

சில எச்சரிக்கைகள் அவசியம். இந்துப்பு குற்றமற்றது என்று ஜனங்கள் நம்புகின்றனர். அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பேயாகும். “சோடியம் குறைந்தது” என்று கடையில் விற்கும் உப்பு அதனினும் அபாயம், ஏனெனில் அதில் பொட்டாசியம் கலந்திருக்கின்றது. இளநீர் குளிர்ச்சி என்று ஊட்டுவதும் அத்தகையதே. நட்சத்திரப் பழம் எனப்படும் ஐந்து விளிம்புப் பழம் சிறுநீரகம் தளர்ந்தவரின் மூளையையே தாக்கவல்லது. அதை வாயிலிடவே கூடாது. சர்க்கரை தாழ்ந்து வியர்வை கொட்டினால் ஆரஞ்சு ரசத்தைத் தேடாமல், குளுகோஸையோ சர்க்கரை கரைத்த நீரையோ கொடுக்க வேண்டும். பொட்டலப் பண்டங்களிலும் கருநிறப் பானங்களிலும் சேர்க்கும் பாஸ்பேட்டுகள் தானியத்தில் உள்ள பாஸ்பரஸைவிட மிக எளிதாய் இரத்தத்தில் ஏறும். பொட்டலத்தின்மீது 338 முதல் 341 வரையிலும், 450 முதல் 452 வரையிலும் உள்ள எண்களைக் கண்டால் விலகிச் செல்வது உத்தமம்.

ஒன்று கூறவேண்டும். பொங்கலன்று வீடெல்லாம் சர்க்கரைப் பொங்கல் உண்ண, ஒருவர் மட்டும் மூலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்காருவது நம் பண்பாட்டுக்குப் பெருமை தராது. சர்க்கரை கட்டுக்குள் நிற்பவராயின், வைத்தியரைக் கேட்டு, அன்றைய சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து ஒரு கவளம் கொடுப்பதில் பிழையில்லை. மறைத்து உண்பதைவிட அளந்து உண்பது மேலானது. அளந்து கொடுப்பவரை முதியோர் நம்புவர்; அதட்டிப் பறிப்பவரை ஏமாற்றுவர்.

சர்க்காருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நாம் கூறுவது இது. 1948-ஆம் ஆண்டிலேயே டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சையகம் தொடங்கினார். பின்னாளில் டாக்டர் எம். கே. மணியின் சென்னைச் சிறுநீரக உதவி அறக்கட்டளை, சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில் வீடுவீடாகச் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்து, மலிவான மருந்துகளைக் கொண்டே சிறுநீரகங்களைக் காக்கலாம் என்று காட்டிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வாயிலுக்கே கொண்டுவருகின்றது. மாத்திரையோடு ஒரு சமையற் குறிப்பும் வந்தால் என்ன? அதை எடுத்துச் சொல்லும் உணவு நிபுணர் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒருநாளேனும் அமர்ந்தால் என்ன? பொட்டலங்களின்மீது சோடியத்தை அச்சிடக் கட்டளையிட்ட சர்க்கார் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் அச்சிடும்படி கட்டளையிடுவதற்கு என்ன தடை? “இவற்றை உண்ணாதே” என்ற ஜாபிதாவை நீட்டுவதோடு வைத்தியசாலையின் கடமை தீர்ந்துவிடவில்லை; “இவற்றை இவ்விதம் சமைத்து உண்” என்ற ஜாபிதாவும் அதே கையினின்று வரவேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சுமை முழுவதும் மருமகளின் தலையிலோ மகளின் தலையிலோ விழுவது நியாயமன்று. சோறு வடிப்பதற்கும், காயை நறுக்கி ஊறவைப்பதற்கும், உப்பை அளப்பதற்கும் ஆண்மக்களின் கைகளும் போதிய வலிமையுடையனவே. மோட்டார் வண்டியின் நுண்ணிய பாகங்களை மயிரிழை பிசகாமல் பொருத்துகிற தண்டலத்து இளைஞர்கள், தம்மை ஊட்டி வளர்த்த தாயின் இலைக்கு 5 கிராம் உப்பை அளந்து வைக்கவும் கற்றுக்கொள்வார்களென்று நம்புகிறோம்.